நூறோடு நிற்காத கை

நூற்பு மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவனுக்குப் பயம் காது வழியாகத்தான் வரும். பேரிங் தேய்ந்தால் முதலில் ஒரு முனகல். பெல்ட் வழுக்கினால் ஒரு கீச்சல். மோட்டார் புகைவதற்கு வெகு முன்னாலேயே வார்னிஷ் கருகுகிற வாடை மூக்கில் ஏறிவிடும். எந்த மெஷினும் நம்மைக் கைவிடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கைவிடும். அந்த மரியாதை இரும்புக்கு உண்டு.

கம்ப்யூட்டருக்குக் கிடையாது. அது பாட்டுக்கு மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஆட்டம் இல்லை. திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் தோன்றித் தோன்றி மறையும், ‘ம், அப்புறம்?’ என்று கேட்கிற மாதிரி. நாற்பத்தாறு வயதில், மீசையில் பாதி நரைத்த பிறகு, அந்தக் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் வேர்த்த வேர்வையை மில்லில் பஞ்சு பறக்கிற கோடையில்கூட வேர்த்ததில்லை. இத்தனைக்கும் அது ஏசி ரூம்.

இந்த வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டால், எல்லாம் ஒரு மிக்ஸியால் வந்தது.

நான் அந்தக் காலத்து டிப்ளமா. தேனிக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்டு மாறி மாறி வரும். ராத்திரி ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்கும்போது ஊசி விழுந்தாலும் எனக்கு முழிப்பு வந்துவிடும். மில்லில் ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரி சட்னி அரைக்க மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். இது எந்த வாரம், இவர் எப்போது தூங்குவார் என்று கணக்குப் பார்த்துச் சலித்துப்போய், கடைசியில் மிக்ஸியை அங்கேயே குடிவைத்துவிட்டாள். எங்கள் மிக்ஸி பக்கத்து வீட்டு அடுப்படியில் வளர்ந்தது. தேங்காய்ச் சில்லும் பொட்டுக்கடலையும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் போவதும், சட்னியோடு வருவதும் தெருவுக்கே பழகிவிட்டது.

மில்லில் எஞ்சினியர் மட்டும் ஜெனரல் ஷிப்டு. காலையில் வருவார், சாயந்திரம் போவார், ராத்திரி மனுஷனாகத் தூங்குவார். அவர் ஓய்வு பெறப்போகிறார் என்று பேச்சு வந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, டிப்ளமாவை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியைத் தரமுடியாது, வேலை பார்ப்பவர்களுக்கென்று சாயந்திர வகுப்பில் பி.இ. நடத்துகிறார்கள், சேர்ந்து பாதி தூரம் ஒழுங்காகப் போய்விட்டாலே உங்களை அங்கே உட்காரவைக்கப் பேசிப் பார்க்கிறேன் என்றார். நான் சிரித்துக்கொண்டே வீட்டில் வந்து சொன்னேன், ஒரு தமாஷ் மாதிரி. அவள் சிரிக்கவில்லை.

“நீங்க எஞ்சினியர் ஆகுறீகளோ இல்லையோ, எனக்கு என் மிக்ஸி வீட்டுக்கு வரணும்” என்றாள்.

படிக்கப்போகிறவன் நான். முடிவு அவளுடையது. இதில் வேடிக்கை என்னவென்றால், சாயந்திரம் வகுப்பு இருந்ததால் மதிய ஷிப்டை மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக ராத்திரி ஷிப்டைக் கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ராத்திரி ஷிப்டிலிருந்து தப்பிப்பதற்காக ராத்திரி ஷிப்டிலேயே குடியிருந்தேன்.

வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போலத்தான். தொப்பையும் மூக்குக்கண்ணாடியும் டிபன் பாக்ஸும். என் பெஞ்சில் உட்கார்ந்தவர் கடமலைக்குண்டுக்காரர், குடிநீர்த் திட்டத்தில் மோட்டார் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவர். முதல் நாளே என்னை மாப்ள என்றார், நானும் மாப்ள என்றேன். யாருக்கு யார் பெண் கொடுத்தது என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொள்ளவில்லை. கணக்கு, மெட்டீரியல்ஸ் எல்லாம் தட்டுத்தடுமாறித் தாண்டிவிடலாம் என்றிருந்தது. புரோகிராமிங் என்று ஒன்று முதல் செமஸ்டரிலேயே இருந்ததைத்தான் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சி லாங்குவேஜ். கூடவே லேப்.

லேப் நடத்தியவர் சின்னப் பெண். படித்து முடித்து நேராக வேலைக்கு வந்தவர். நாங்கள் அவரை மேடம் என்போம், அவர் எங்களை சார் என்பார். எதிரே முப்பது அப்பாக்கள் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குக் குரல் நடுங்காது. எனக்குத்தான் நடுங்கும். பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலக்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வாய் திறந்துகொள்ளும், ஜோக்காக வந்து விழும். மேடம் கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொன்னால், நல்ல நேரம் பார்த்தாச்சா என்பேன். கீபோர்டில் எழுத்துக்கள் ஏன் இப்படிக் கலைந்து கிடக்கிறது, சந்தை முடிந்த இடம் மாதிரி என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்புக்குக் கீழே என் முழங்கால் மேஜையில் தடதடவென்று தட்டிக்கொண்டிருப்பது மாப்ளைக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அவர் மேஜையும் அதுதான்.

முதல் சில வகுப்புகள் எப்படியோ போயின. என் பேரைத் திரையில் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். இரண்டு எண்ணைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன். வினை ஆரம்பித்தது டப்பாக்களில்.

ஐந்து டப்பாக்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு எண் போட்டு வைப்பதுதான் அந்தப் பாடம். பிறகு முதல் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருப்பதைத் திரையில் காட்டி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். திறக்கிற வேலையை கம்ப்யூட்டரே திரும்பத் திரும்பச் செய்துகொள்ளும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் நாம் ஒரு வரியில் சொல்ல வேண்டும். ஐந்து பேரின் மார்க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று மேடம் எண்களைப் போர்டில் எழுதினார். நான் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஓடவிட்டேன்.

ஐந்து மார்க்கும் ஒழுங்காக வந்தன. அதற்குக் கீழே ஆறாவதாக ஒன்று வந்தது. மைனஸ் போட்டு, கோடிக்கணக்கில் நீளமாக ஒரு எண். மொத்தக் கூட்டலும் அதோடு சேர்ந்து பாதாளத்துக்குப் போயிருந்தது.

நான் அந்த எண்ணை அடிக்கவில்லை. போர்டில் அது இல்லை. பிறவியிலேயே நான் அவ்வளவு பெரிய எண்ணை யோசித்ததில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: மெஷினை உடைத்துவிட்டேன். கம்ப்யூட்டரின் உள்ளே எதையோ தொடக்கூடாத இடத்தில் தொட்டுவிட்டேன், அதுதான் இப்படிப் புலம்புகிறது. காது மடல் இரண்டும் சூடேறிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. மானிட்டரை மட்டும் மெதுவாக அணைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து, திரும்பி வரும்போது வேறு ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கேயும் முதலிலிருந்து அடித்தேன். ஐந்து வந்தது. ஆறாவதும் வந்தது, வேறு ஒரு எண்ணாக. இரண்டாவதையும் உடைத்துவிட்டேன் என்று ஆயிற்று.

அடுத்த வகுப்புகளில் நான் லேபுக்குள் ஒரு திருடனைப் போல நுழைந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு இடம். ஒவ்வொரு இடத்திலும் அந்த ஆறாவது ஆள் வந்து நிற்பான். ஒரு கம்ப்யூட்டரில் மைனஸ் கோடி, இன்னொன்றில் ஏதோ நான்கு இலக்கம், ஒன்றில் சும்மா பூஜ்யம். பூஜ்யம் வந்த அன்று மட்டும் நிம்மதியாக டீ குடித்தேன். அந்த ஒரு மெஷினாவது தப்பித்ததே என்று. லேப் முழுக்க என் கைபட்டுக் கெட்டுப்போய், ஒரு நாள் பிரின்சிபால் கணக்கெடுத்து, வருகைப்பதிவைப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்துவிடுவார் என்று நிஜமாகவே பயந்தேன். மாப்ளை ஒரு நாள் நான் எழுந்துபோன இடத்தில் உட்காரப்போனவரைத் தடுத்தார்.

“அங்கன உக்காராதீக. அது நம்ம மாப்ள பழக்குன சிஸ்டம்.”

இப்படிச் சுற்றி வந்தவனை ஒரு நாள் மேடம் பின்னால் நின்று பிடித்துவிட்டார். திரையைப் பார்த்தார். ஆறாவது ஆளைப் பார்த்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன், சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டுகளெல்லாம் கொட்ட. அவர் ஒரு வரியில் விரல் வைத்தார். ஐந்தைவிடக் குறைவாக இருக்கும்வரை திற என்று எழுத வேண்டிய இடத்தில், நான் ஐந்துக்குக் குறைவாகவோ சமமாகவோ இருக்கும்வரை திற என்று ஒரு சமக்குறியைச் சேர்த்திருந்தேன். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதனால் நாலோடு ஐந்து டப்பாவும் முடிந்துவிடும். நான் அதற்கு அப்புறமும் ஒன்றைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு டப்பாவே இல்லை. ஆனால் இந்த சி லாங்குவேஜ் இருக்கிறதே, இல்லை என்று சொல்லாது. அந்த இடத்தில் யாரோ எப்போதோ போட்ட குப்பை எது கிடக்கிறதோ அதை அள்ளிக் கொடுத்துவிடும்.

மெஷின் உடையவில்லை என்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் அதைப் பார்க்காத மாதிரி சமக்குறியை அழித்துவிட்டுப் போனார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த வகுப்பில் பத்து டப்பா. சமக்குறி வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் எழுத்துக்களை வரிசையாக வைப்பது. சமக்குறி. ஒவ்வொரு முறையும் அழிப்பேன், ஒவ்வொரு முறையும் வரும். காரணம் தெரிந்த தப்பு மறுபடி வரக்கூடாது என்பதுதானே மெயின்டனன்ஸ்? எனக்குத் தப்பு தெரியும், தப்பு நடக்கும் இடம் தெரியும், கை மட்டும் கேட்கவில்லை. ஏன் சார் கடைசியில ஒண்ணு கூடப் போறீங்க என்று மேடம் கேட்பார், கோபமாக இல்லை, நோயாளியை டாக்டர் கேட்கிற மாதிரி.

முதல் செமஸ்டர் பிராக்டிகல் பரீட்சை வந்தது. கேள்விகளைச் சீட்டில் எழுதி மடித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். வெளிக் கல்லூரியிலிருந்து வருகிற எக்ஸாமினர் முன்னால் நின்று ஒன்றை எடுக்க வேண்டும். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகும்போதுகூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. குல தெய்வம் முதல் பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையார்வரை கூப்பிட்டுவிட்டுச் சீட்டை எடுத்தேன். டப்பாக்கள்தான் வந்தன. ஐந்து பேர் மார்க்கு.

அடித்தேன், ஓடவிட்டேன். ஐந்து வந்தது, ஆறாவதாகப் பூஜ்யம் வந்தது. கூட்டல் சரியாக இருந்தது. பூஜ்யத்தைக் கூட்டினால் என்ன கூடிவிடப்போகிறது? சரியாகத்தான் இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு எக்ஸாமினரைக் கூப்பிட்டேன். அவர் ஒல்லியான மனிதர், சிரித்துப் பழக்கமில்லாத முகம். திரையைக் குனிந்து பார்த்து, ஐந்து பேர்தானே, இந்த ஆறாவது யார் என்றார்.

வாய் திறந்துகொண்டது.

“அன்னைக்கு லீவு போட்டவர் சார்.”

மாப்ளை தலையில் கைவைத்தார். நான் ஃபெயில்.

ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது ஜோக் அடித்திருப்பேன். அந்தக் கிண்ணத்திடம் என்ன ஜோக் அடிப்பது?

இரண்டாம் செமஸ்டர் முடிவில் அந்தப் பிராக்டிகலை மறுபடி எழுத வேண்டும். அதிலும் போனால் மூன்றாம் செமஸ்டருக்கு விடமாட்டோம், ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மில்லில் எஞ்சினியர் நாற்காலி ஒரு வருஷம் எனக்காகக் காலியாக நிற்காது. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு இளவட்டத்தை இண்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருப்பதாக ஆபீஸ் பக்கம் பேசிக்கொண்டார்கள். அதோடு எனக்குத் தூக்கம் போயிற்று. பகல் தூக்கம்தான், அதற்கு மேல் போவதற்கு என்னிடம் இல்லை. கண்ணை மூடினால் டப்பாக்கள் வரிசையாக வரும். கடைசி டப்பாவைத் தாண்டிக் கை நீளும். அங்கே ஒன்றுமில்லை என்று கத்துவேன். கை கேட்காது.

இந்தக் கேவலத்துக்கு நடுவில்தான் மச்சான் கூப்பிட்டான். காமயகவுண்டன்பட்டியில் வீட்டுக்காரியின் தம்பி தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். காய் வெட்டியிருக்கு, வியாபாரி வந்துட்டாரு, வாங்க அத்தான் என்றான். அங்கே காய் எண்ணுவது பல வருஷமாக நான்தான். மச்சானுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. கம்பத்திலிருந்து வருகிற வியாபாரிக்கு என் கைதான் பிடிக்கும்.

குவியலுக்கு முன்னால் குனிந்து நின்று, இரண்டு கையிலும் காயை எடுத்து அந்தப் பக்கம் வீச வேண்டும். வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். நூறு ஆனதும் அடையாளத்துக்கு ஒரு காயைத் தனியே வைப்போம். ஆனால் நூறோடு கை நிற்காது. லாபக்காய் என்று இன்னும் ஒரு வீச்சு போட்ட பிறகுதான் அடுத்த நூறு. அது கணக்கில் வராது, வாங்குகிறவருக்குக் கொடுக்கிற மரியாதை. நூறு எண்ணி நூறோடு நிறுத்துகிற கைக்கு எங்கள் பக்கம் ஒரு பேர் உண்டு, அதை இங்கே எழுத முடியாது. வியாபாரியும் வாய் திறந்து கேட்கமாட்டார். நூறு என்றதும் நம் கையைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அன்றைக்கும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு என்றேன். வியாபாரி என் கையைப் பார்த்தார். கை தன்பாட்டில் இன்னும் ஒரு வீச்சு போட்டது. நானும் என் கையைப் பார்த்தேன்.

நிமிர்ந்து நின்றுவிட்டேன். என்ன அத்தான், இடுப்புப் பிடிச்சுக்கிருச்சா என்றான் மச்சான். ஐந்து டப்பாவைத் திறந்ததும் நிறுத்தாமல் ஆறாவதற்கு நீண்டது இந்தக் கைதான். மீசை முளைத்த நாளிலிருந்து, எண்ணி முடித்த இடத்தில் நிறுத்துவது கஞ்சத்தனம் என்று அதற்குப் பழக்கியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கும் அது லாபக்காய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குக் கூடிற்று. இத்தனை நாள் ஏதோ மறதி, வயசு என்றிருந்தேன். இது மறதி இல்லை, எலும்பில் ஏறிய பழக்கம். பரீட்சை வருவதற்குள் இதை எப்படி இறக்குவது?

மேடத்திடம் போய்ச் சொன்னேன். டவுனில் வளர்ந்தவர், தேங்காயைக் கடையில் ஒன்று இரண்டாக வாங்கிப் பழகியவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்காமல் முழுவதும் கேட்டார்.

“கம்ப்யூட்டருக்கு லாபம் போடாதீங்க சார். அது வாங்கிக்காது. இல்லாத எடத்துல இருந்து எடுத்து உங்ககிட்டயே குடுத்துரும்” என்றார்.

அன்றிலிருந்து கையைப் பழக்கக் கிளம்பினேன். எண்ணிக்கை எங்கே வந்தாலும் அங்கே சரியாக நிறுத்துவது. மூன்று தோசை என்றால் மூன்றுதான். வீட்டுக்காரி எப்போதும் போல இன்னொன்றைப் போட வந்தால், இலையில் பாம்பைக் கண்டவன் மாதிரி துள்ளி எழுந்துவிடுவேன். தோசைக்கும் பாஸ் மார்க் வச்சிருக்கீகளா என்பாள். மில்லில் போல்ட்டை முறுக்கினால் கடைசியில் ஆசைக்கு ஒரு அரைச் சுற்று முறுக்குவேனே, அதையும் விட்டேன். கூடப் பிறந்த மாதிரி இருந்த பழக்கம், விடும்போது வலித்தது.

அடுத்த காய் வெட்டுக்குத் தோப்புக்கு நானாகவே போனேன். குவியல் முன்னால் நின்று எண்ணினேன். நூறு என்றேன். நிறுத்தினேன். இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. வியாபாரி கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன மாப்பிள்ளை, கையில சுளுக்கா?” என்றார்.

மச்சான் முகம் செத்துப்போய்விட்டது. அவனே ஓடிவந்து நாலு காயை அள்ளி அந்தப் பக்கம் போட்டான். அத்தானுக்குப் பரீட்சை, அதான் இப்பிடி என்று வியாபாரியிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தான். பரீட்சைக்கும் லாபக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று வியாபாரி லாரி கிளம்புகிறவரை யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நின்றது. அந்த ஒரு தடவை கை நின்றது.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஷிப்டை முடித்துவிட்டு நேராகப் போனேன். வீட்டுக்காரி தூக்குவாளியில் கொடுத்தனுப்பிய இட்லி அப்படியே இருந்தது. லேப் வாசலில் எட்டிப் பார்த்தால் அதே ஒல்லி எக்ஸாமினர். லீவு போட்டவரை அவருக்கு ஞாபகம் இருக்குமா இருக்காதா என்று அந்த வராண்டாவில் நான் நடந்த நடையில் கம்பத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். மாப்ளை தன்னுடைய பேப்பரை எப்போதோ பாஸ் செய்துவிட்டார். ஆனாலும் லீவு போட்டு வந்து எனக்குத் துணைக்கு நின்றார். வாயை மட்டும் திறந்துறாதீக மாப்ள, ஆமா இல்லைன்னு தலைய ஆட்டுங்க, போதும் என்றார்.

சீட்டு எடுத்தேன். பத்து எண்களை டப்பாக்களில் வைத்து அதில் பெரியதைக் கண்டுபிடி. மறுபடியும் டப்பா.

அடிக்க ஆரம்பித்தேன். ஏசி காற்று முதுகில் வேர்வையை ஐஸாக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியாக வந்து, கடைசியில் அந்த வரி வந்தது. எங்கே நிறுத்துவது என்று சொல்கிற வரி. வலது கைவிரல் சமக்குறிப் பக்கம் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. நூறு என்று சொன்னதும் வியாபாரி பார்ப்பாரே, அந்தப் பார்வை எனக்குப் பின்னால் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. வேறு வழி தெரியவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அந்த ஒரு வரியை இடது கையால் மட்டும் தேடித் தேடி அடித்தேன்.

“கையில அடியா?” என்று குரல் கேட்டது. எக்ஸாமினர் பின்னால் நின்றார்.

மாப்ளை சொன்னது ஞாபகம் வந்தது. வாயை இறுக்கிக்கொண்டேன். ஆனாலும் பயம் அதைத் திறந்துவிட்டது.

“இல்ல சார். அது கொஞ்சம் தாராளம்.”

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. ஓடவிடுங்க என்றார். ஓடவிட்டேன். பத்து எண்கள் வந்தன. அதில் பெரியது கீழே வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன். வரும், இப்போது வந்துவிடும், மைனஸ் போட்டுக்கொண்டு வருவான் என்று திரையையே பார்த்தேன். அவன் வரவில்லை. அந்தக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

எக்ஸாமினர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவே கெட்ட சகுனமாகப் பட்டது. அந்த வரியில் விரல் வைத்து, மேடம் அன்றைக்கு வைத்த அதே இடத்தில், இங்கே ஒரு சமக்குறி சேர்த்தால் என்ன ஆகும் என்றார்.

உலகத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். ஆனால் பயத்தில் அது எனக்கு முதலில் புரியவே இல்லை. என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு மெல்ல ஆரம்பித்தேன். இல்லாத பதினோராவது டப்பாவைத் திறக்கும் என்றேன். அங்கே கிடக்கிற குப்பை வரும், ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு மாதிரி வரும் என்றேன். மைனஸில் கோடி வந்தால் பரவாயில்லை சார், பார்த்ததும் தப்பு என்று தெரிந்துவிடும், சின்ன எண்ணோ பூஜ்யமோ வந்தால்தான் ஆபத்து, எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும், நம்பிவிடுவோம் என்றேன். பேரிங் தேய்ந்தாலாவது சத்தம் வரும், இது சத்தமே போடாது என்றும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், ஒரு வார்த்தைகூட ஜோக்காக இல்லையே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“எப்பிடி இவ்வளவு விவரமாச் சொல்றீங்க?”

“அந்த ஆளோட ரொம்ப நாள் பழக்கம் சார்.”

அவர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். தலை நிமிராமல், அந்த லீவு போட்டவர் லீவு முடிஞ்சு போயிட்டாரா என்றார். ஆமா என்றும் இல்லை என்றும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ரிசல்ட் வருகிறவரை நான் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டாம். அந்தக் கடைசிக் கேள்வி கிண்டலா கோபமா என்று மாப்ளையைப் போன் போட்டுக் கேட்டே அவர் வீட்டில் சண்டை வந்தது. ரிசல்ட் வந்துவிட்டது என்று அவர்தான் ஒரு காலையில் கூப்பிட்டுச் சொன்னார், நான் ஷிப்டு முடித்து வீட்டுக்குள் நுழைகிற நேரம். பார்க்கத் தைரியமில்லை. போனை வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். வாளி நிரம்பி வழிந்தது. வெளியே வந்தால் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தின்னுட்டுப் படுங்க என்றாள். கேட்கவும் பயம். தின்றேன், படுத்தேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசல்பக்கம் போகிற சத்தம் கேட்டது. சரி, போச்சு என்று போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். எப்படியோ கண் அசந்தது.

திடீரென்று தலைமாட்டில் ஏதோ வெடித்த மாதிரி ஒரு ஓலம். மில்லில் ரிங் ஃபிரேம் மெஷின் கழன்றுவிட்டது என்று லுங்கியைப் பிடித்துக்கொண்டு, மெயினை ஆஃப் பண்ணுங்கடா என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஓடி நின்ற இடம் எங்கள் அடுப்படி.

மேடைமேல் எங்கள் மிக்ஸி. வீட்டுக்காரி அதன் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“பாஸ்” என்றாள். “நீங்க எஞ்சினியர் ஆகுறதுக்கு இன்னும் நாள் கெடக்கு, எனக்கும் தெரியும். அதுவரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா இதுக்குப் பழகிக்கங்க.”

மறுபடி திருகினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த மிக்ஸியின் குரலை நான் சரியாகக் கேட்டதே இல்லை. அடியில் ஒரு கரகரப்பு இருந்தது. ஜாரை மோட்டாரோடு கோக்கிற கப்ளர் தேய்ந்திருக்கிறது, போட்டு ஓட்டினால் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஸ்குரூ டிரைவரைத் தேடப் போனேன்.